சாம்பல் நிறத்துக்கும் காரணம் உண்டு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், கணினி சிமுலேட்டரில் போர் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஓட்டுவதை விட்டுவிட்டு, அந்த விமானத்துக்கு வண்ணம் தீட்டுவதைப் பற்றியே கேட்டிருந்தன. எனக்கும் மிகவும் பிடித்த வேலை அதுதான் என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களில் அநேகமாக எல்லோருமே டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரைப் பயன்படுத்துகிறவர்கள். ஆகவே பதில்களும் அதையே ஒட்டி அமைந்திருக்கின்றன.

கேள்வி: டிசிஎஸ் வேர்ல்டில் எஃப்ஏ-18சி ஹார்னெட் என்ற அமெரிக்கக் கடற்படைப் போர் விமானத்தை ஓட்டி வருகிறேன். அதற்கு நானே ஒரு வண்ணப்பூச்சு செய்ய ஆசை. ஆனால் உள்ளே இருக்கும் கோப்புகளில் கைவைத்தால் எல்லாம் பழுதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும்? — கல்லூரி மாணவர், மதுரை

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சிமுலேட்டர் நிறுவப்பட்டிருக்கும் இடத்தில் உள்ள மூலக் கோப்புகளைத் திருத்தவே கூடாது. அடுத்த அப்டேட் வரும்போது உங்கள் உழைப்பு முழுவதும் அழிந்துபோகலாம். அதைத் திருத்த வேண்டிய அவசியமும் இல்லை. விண்டோஸில் உங்கள் பெயரில் இருக்கும் சேவ்டு கேம்ஸ் என்ற இடத்துக்குள் டிசிஎஸ் என்ற ஃபோல்டரும், அதற்குள் லிவரீஸ் என்ற ஃபோல்டரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். அதற்குள் விமானத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதனுள் உங்கள் பூச்சின் பெயரில் இன்னொரு ஃபோல்டர். விமானத்தின் பெயரை மட்டும் உங்கள் விருப்பப்படி எழுதக் கூடாது. மூலக் கோப்புகளில் அது எப்படி இருக்கிறதோ, அதை ஓர் எழுத்தும் ஒரு கோடும் பிசகாமல் அப்படியே நகலெடுத்து வையுங்கள்.

உங்கள் பூச்சின் ஃபோல்டரில் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கும். ஒன்று, விமானத்தின் தோலைப் பிரித்து விரித்துப் போட்டாற்போல் இருக்கும் படங்கள். இவை டிடிஎஸ் என்ற வடிவில் சேமிக்கப்படுபவை. மற்றொன்று, எந்தப் படம் விமானத்தின் எந்தப் பகுதியில் ஒட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரு சிறிய லுவா கோப்பு. இந்த லுவா கோப்பைக் கண்டு பலரும் மிரள்கிறார்கள். ஆனால் அதன் ஒவ்வொரு வரியிலும் இருப்பவை நான்கே நான்கு விவரங்கள்தாம். முதலாவது, விமானத்தின் அந்தப் பகுதிக்கு மாதிரியைச் செய்தவர்கள் வைத்த பெயர். இரண்டாவது, அது எந்த வகைப் படம் என்பது: 0 என்றால் நிறத்தைத் தரும் படம், 1 என்றால் ஆணித் தலைகளையும் தகடுகளின் இணைப்புகளையும் மேடு பள்ளமாகக் காட்டும் படம். மூன்றாவது, கோப்பின் பெயர். நான்காவது, ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்ற ஒரு சொல். ஃபால்ஸ் என்று எழுதினால் படத்தை உங்கள் ஃபோல்டரிலேயே தேடும். ட்ரூ என்று எழுதினால் சிமுலேட்டரின் சொந்தப் படங்களில் தேடும். நான் முதன்முதலில் முயன்றபோது ஒரு மாலைப் பொழுது முழுவதும் எத்தனை முறை நிறத்தை மாற்றிச் சேமித்தாலும் விமானம் பழைய நிறத்திலேயே நின்றது. கடைசியில் பார்த்தால், அந்த நான்காவது இடத்தில் ட்ரூ என்று இருந்தது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

வெற்றுத் தாளில் தொடங்க வேண்டாம். சிமுலேட்டரை உருவாக்கிய ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனமே பல விமானங்களுக்கு அடுக்கடுக்காகப் பிரித்த வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. தகட்டுக் கோடுகள் ஓர் அடுக்கிலும், எச்சரிக்கை வாசகங்கள் இன்னோர் அடுக்கிலும், அடிநிறம் வேறோர் அடுக்கிலும் இருக்கும். அதை கிம்ப் போன்ற இலவசப் படத்திருத்தச் செயலியிலேயே திறந்து வேலை செய்யலாம்.

கேள்வி: அசல் ஹார்னெட் விமானத்தின் புகைப்படத்திலிருந்தே சாம்பல் நிறத்தை எடுத்துத் தீட்டினேன். நிறம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சிமுலேட்டரில் பார்த்தால் என் விமானம் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பொம்மை போலத் தெரிகிறது. எங்கே தவறு? — மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏனென்றால், தொடக்கத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. இதைத் தாண்டிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பூச்சு என்பது நிறம் மட்டும் அல்ல, அது ஒரு பரப்பு. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பரும் இரும்புக் கதவுக்கு அடிக்கும் எனாமலும் ஒரே பச்சையாக இருந்தாலும், வெளிச்சம் பட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரிவதில்லை அல்லவா? அமெரிக்கர்கள் இதை நிறத்தின் எண்ணுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1956இல் வெளியான ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்ற நிறத் தொகுப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்கிறது: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் அரைப் பளபளப்பு, 3 என்றால் பளபளப்பே இல்லாத மங்கல். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம். 5 என்றால் நீலம், 6 என்றால் சாம்பல். உங்கள் ஹார்னெட்டின் மேற்புறம் 36320, கீழ்ப்புறம் 36375. இரண்டுமே 3இல் தொடங்குவதைக் கவனியுங்கள். அதாவது, இவை ஒளியைத் திருப்பி அடிக்காத மங்கலான சாம்பல்கள். சாகசம் காட்டும் ப்ளூ ஏஞ்சல்ஸ் குழுவின் நீலம் 15050. அது 1இல் தொடங்குகிறது. கண்காட்சியில் மின்ன வேண்டிய விமானமும், வானத்தில் மறைய வேண்டிய விமானமும் முதல் இலக்கத்திலேயே பிரிந்துவிடுகின்றன. நீங்கள் புகைப்படத்திலிருந்து எடுத்தது கடைசி நான்கு இலக்கங்களை மட்டும். முதல் இலக்கத்தை விட்டுவிட்டீர்கள்.

டிசிஎஸ்ஸில் அந்த முதல் இலக்கத்தின் வேலையைச் செய்வது ரஃப்மெட் என்று முடியும் பெயர்கொண்ட படம். அது கண்ணுக்கு விசித்திரமான நிறங்களில் தெரியும். ஏனென்றால் அது நிறத்தைக் காட்டுவதற்கானதே அல்ல. அதன் சிவப்பு அலைவரிசை (அதாவது படத்தின் சிவப்புக் கூறு, சேனல்), இடுக்குகளில் ஒளி குறைவதைச் சொல்கிறது. பச்சை, பரப்பு எவ்வளவு சொரசொரப்பானது என்பதைச் சொல்கிறது. பச்சை கூடக்கூட மங்கல் கூடும். நீலம், அந்த இடம் உலோகமா இல்லையா என்பதைச் சொல்கிறது. விமானம் அலுமினியத்தால் ஆனதுதானே என்று நினைத்து நீலத்தை முழுவதும் ஏற்றிவிடுகிறவர்கள் பலர். அது தவறு. பூச்சு பூசிய இடத்தில் ஒளி படுவது பூச்சின் மேல்தான். அடியில் உள்ள உலோகத்தின் மேல் அல்ல. ஆகவே பூசிய இடங்களில் நீலம் சுழியமாக இருக்க வேண்டும். எஞ்சின் புகைவாயிலிலும், பூச்சு உரிந்து உலோகம் தெரியும் ஓரங்களிலும் மட்டுமே அதை ஏற்றுங்கள். உங்கள் பொம்மைத் தோற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் பச்சை அலைவரிசை தாழ்ந்து, விமானம் முழுவதும் ஒரே அளவில் வழவழப்பாக இருப்பதுதான்.

அடுத்தது, மேலே அடர்த்தியாகவும் கீழே வெளிறியும் ஏன் பூசுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கடற்கரையில் சூரை மீனைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: முதுகு கருத்திருக்கும், வயிறு வெள்ளியாக இருக்கும். வெயில் மேலிருந்து விழுவதால் முதுகு வெளுத்தும் வயிறு நிழலில் கருத்தும் தெரிய வேண்டியது, இந்த நிற மாற்றத்தால் சமமாகி, உடலின் உருண்டை வடிவமே கண்ணுக்குத் தட்டையாகிவிடுகிறது. ஹார்னெட்டின் இரண்டு சாம்பல்களும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. எஃப்-16இல் இது மூன்று சாம்பல்களாக விரிந்தது: முதுகின் நடுப்பகுதியில் 36118, மூக்கிலும் வாலிலும் 36270, அடியில் 36375. அண்மை ஆண்டுகளில் பல எஃப்-16கள் ஒரே அடர் சாம்பலுக்கு மாறிவிட்டன என்பதால், நீங்கள் எந்தக் காலத்து விமானத்தைத் தீட்டுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, அழுக்கு. அழுக்கைத் தூரிகையால் கண்டபடி தெளிக்காதீர்கள். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கட்டும். ஹார்னெட்டில் விமானி ஏறும் ஏணி, இறக்கை கழுத்தை நோக்கி நீண்டு வரும் பகுதியின் இடப்பக்கத்தில் மடிந்திருக்கிறது. எனவே காலடித் தடம் அந்த இடப்பக்கத்தில்தான் அதிகம் இருக்க வேண்டும்; வலப்பக்கத்திலும் அதே அளவு கறையைப் போட்டால் விவரம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். பீரங்கி, விமானி அறைக்கு முன்னால் மூக்கின் மேற்புறத்தில் இருக்கிறது. அதன் கரி அங்கிருந்து பின்னோக்கிப் படிய வேண்டும். எண்ணெய்க் கசிவு காற்று போகும் திசையில், முன்னிருந்து பின்னாக இழுபட வேண்டும். விமானந்தாங்கிக் கப்பலில் உப்புக் காற்றால் துரு பிடிக்கும் என்பதால், பணியாளர்கள் அவ்வப்போது சிறு சிறு திட்டுகளாகப் புதுப் பூச்சு அடிப்பார்கள். வெயிலில் வெளுத்த பழைய சாம்பலும் புதிய சாம்பலும் ஒத்துப்போவதில்லை. அதனால் கடலில் மாதக்கணக்கில் இருந்த ஹார்னெட் ஒட்டுப் போட்ட துணி மாதிரி இருக்கும். அந்தத் திட்டுகளின் ஓரங்கள் பெரும்பாலும் தகட்டுக் கோடுகளையும் மூடிகளையும் ஒட்டி அமையும். ரஃப்மெட் படத்திலும் அதே திட்டுகளைச் சற்றே வேறுபட்ட பச்சையில் வரைந்தால், திரும்பும்போது வெயில் பட்டு அவை தெரிந்து மறையும். அதைப் பார்க்கிற மகிழ்ச்சிக்காகவே இத்தனை வேலையும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு சிறு குறிப்பு: தூய கறுப்பையும் தூய வெள்ளையையும் தவிர்த்துவிடுங்கள். 255 வரை போகும் அளவுகோலில், கறுப்பை 30க்குக் கீழே இறக்காமலும் வெள்ளையை 240க்கு மேலே ஏற்றாமலும் வைத்தால், சிமுலேட்டரின் வெயிலும் நிழலும் வேலை செய்ய இடம் கிடைக்கும். நிறத்தைச் சரிபார்க்கும்போது நண்பகல், அந்தி, மேகமூட்டம் என்று மூன்று நேரங்களிலும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் விமானத் தளத்தில் சுகோய்-30 விமானங்கள் ஏறி இறங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். டிசிஎஸ்ஸில் சுகோய்-30 இல்லை. சுகோய்-27க்கு இந்திய விமானப்படையின் நிறம் அடித்து அதையே சுகோய்-30 ஆக்கிவிடலாமா? — பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் டைகர்ஷார்க்ஸ் என்ற 222ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) சுகோய்-30 எம்கேஐ விமானங்களுடன் தொடங்கப்பட்ட நாளிலிருந்து உங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் பழகியிருக்கும். உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டிசிஎஸ்ஸின் சுகோய்-27 ஒருவர் ஓட்டுவது; உங்கள் ஊர் விமானத்தில் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக அமர்ந்திருப்பார்கள். உங்கள் ஊர் விமானத்துக்கு இறக்கைக்கு முன்னால் கானர்டு எனப்படும் சிறு இறக்கைகள் இரண்டு உண்டு; சுகோய்-27க்கு இல்லை. பூச்சு நிறத்தை மாற்றும், வடிவத்தை மாற்றாது. தினமும் நிமிர்ந்து பார்க்கிற உங்களுக்கே அந்தப் போலி முதலில் உறுத்தும்.

அதற்குப் பதிலாக, இந்திய விமானப்படை உண்மையிலேயே பயன்படுத்திய, டிசிஎஸ்ஸிலும் இருக்கிற விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்-29 அவற்றில் ஒன்று. 1987இல் அது புனேயில் 28ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தது. பிற்பாடு செய்யப்பட்ட மேம்பாட்டில் அதன் முதுகு பருத்துவிட்டதால், டிசிஎஸ்ஸின் மிக்-29க்குப் பொருந்துவது மேம்பாட்டுக்கு முந்தைய தோற்றம்தான். புகைப்படம் தேடும்போது இதை மனத்தில் வையுங்கள். மிராஜ்-2000 இன்னொன்று, அது 1985இல் வந்தது. டிசிஎஸ்ஸில் இருப்பது பிரெஞ்சு விமானப்படையின் ரகம் என்றாலும், வெளித்தோற்றம் நம் விமானத்துக்கு மிக நெருக்கமானது. மூன்றாவது மிக்-21; 1963இல் சேர்ந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம். இந்த மூன்றில் எதைத் தீட்டினாலும், இந்திய வட்டச் சின்னத்தில் வெளிவளையம் காவி, நடுவளையம் வெள்ளை, மையம் பச்சை என்ற வரிசையை மாற்றிவிடாதீர்கள். தொடர் எண்ணின் முன்னெழுத்துகளும் விமானத்துக்கு விமானம் வேறுபடும்: மிராஜ்-2000க்கு கேஎஃப், மிக்-29க்கு கேபி, உங்கள் ஊர் சுகோய்க்கு எஸ்பி. மிராஜின் வயிற்றில் எஸ்பி என்று எழுதினால் அது வேறு விமானத்தின் சட்டையைப் போட்டதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: கனடா நாட்டு ஹார்னெட் ஒன்றின் படத்தில், விமானத்தின் அடியிலும் ஒரு விமானி அறை வரைந்திருக்கிறது. இது வரைந்தவரின் பிழையா, உண்மையா? — வங்கி அலுவலர், கோயம்புத்தூர்

பதில்: உண்மைதான். கனடா விமானப்படை தன் ஹார்னெட்டுகளின் மூக்குக்கு அடியில், மேலே இருக்கும் கண்ணாடிக் கூண்டின் வடிவத்திலேயே ஒரு போலிக் கூண்டை அடர் சாம்பலில் வரைகிறது. இந்த யோசனையைப் பரப்பியவர் அமெரிக்க விமான ஓவியர் கீத் ஃபெரிஸ்.

கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இரண்டு விமானங்கள் சண்டையிடும்போது, எதிராளி எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பதை அவருடைய விமானத்தின் மேற்புறம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை வைத்தே விமானி கணிக்கிறார். இழுத்துத் திருப்பும்போது விமானம் தன் முதுகுப் பக்கமாகவே வளையும். முதுகு எது, வயிறு எது என்பதில் அரை நொடி குழம்பினாலும் கணிப்பு தலைகீழாகிவிடும். சில பட்டாம்பூச்சிகளின் இறக்கை ஓரத்தில் போலித் தலையும் போலிக் கண்ணும் இருப்பதும் இதே ஏமாற்றுதான். பறவை கொத்துகிற இடம் தவறிவிடுகிறது. ஏ-10 விமானங்களிலும் இப்படி வரைந்தது உண்டு.

நீங்கள் இதைத் தீட்டுவதாக இருந்தால் கறுப்பைப் பயன்படுத்தாதீர்கள். மேலே உள்ள கண்ணாடி தூரத்திலிருந்து எவ்வளவு கருமையாகத் தெரிகிறதோ அந்த அளவுக்கு அடர்ந்த சாம்பல் போதும். போலிக் கூண்டின் வடிவம் முன்சக்கரக் கதவுகளின் மேலும் தொடருமானால், அந்தக் கதவுகள் படத்தில் வேறோர் இடத்தில் தனியாக விரித்து வைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தை உள்ளே இழுத்த நிலையில் கோடு கோட்டோடு சேர்கிறதா என்று, விமான மாதிரியைச் சுற்றிப் பார்க்க உதவும் மாடல்வியூவர் செயலியில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: நான் எழுதிய எண்கள் இடப்பக்கத்தில் சரியாகவும் வலப்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியும் வருகின்றன. இதைச் சரிசெய்ய முடியுமா? அமெரிக்கக் கடற்படை விமானங்களில் எண்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? — பிளஸ் டூ மாணவி, திருநெல்வேலி

பதில்: சில மாதிரிகளில் இடம் மிச்சப்படுத்துவதற்காக இடப்பக்கமும் வலப்பக்கமும் படத்தின் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் எழுதினால் ஒரு பக்கம் திரும்பித்தான் வரும். அதை உங்களால் மாற்ற முடியாது. படத்தில் இரண்டு பக்கங்களும் தனித்தனியே விரிந்திருக்கும் பகுதிகளில் மட்டும் எழுத்துகளை வையுங்கள். எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, படம் முழுவதும் எண்ணிட்ட கட்டங்களை வரைந்து, அதையே பூச்சாகப் போட்டு விமானத்தைச் சுற்றிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் முழு வரைபடமும் மனப்பாடமாகிவிடும்.

எண்களில் ஒழுங்கு உண்டு. ஒரே கப்பலில் இருக்கும் போர் விமான ஸ்குவாட்ரன்களுக்கு 100 வரிசை, 200 வரிசை, 300 வரிசை, 400 வரிசை என்று பிரித்துத் தருகிறார்கள். 00 என்று முடியும் எண், கப்பலில் உள்ள எல்லா ஸ்குவாட்ரன்களுக்கும் தலைவரான அதிகாரியின் பெயரில் நிற்பது. வண்ணமயமான வால் அந்த விமானத்துக்குத்தான் வழக்கமாகக் கிடைக்கும். 01, ஸ்குவாட்ரன் தலைவருடையது. வாலில் உள்ள இரண்டு எழுத்துகளில் முதலாவது ஏ என்றால் அட்லாண்டிக் கடற்படை, என் என்றால் பசிபிக் கடற்படை. ஜப்பானிலிருந்து இயங்கும் ஐந்தாம் விமானப் பிரிவின் எழுத்துகள் என்எஃப்.

அமெரிக்கக் கொடியை வரைவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நட்சத்திரங்கள் உள்ள நீலப் பகுதி எப்போதும் விமானத்தின் மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும். அதனால் வலப்பக்கத்தில் கொடி திரும்பியதுபோல் தெரியும், அது சரிதான். கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓடினால் துணி பின்னோக்கிப் பறக்கும் அல்லவா, அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது.

கேள்வி: என் பூச்சைப் போட்டதிலிருந்து கணினி திணறுகிறது. படத்தின் அளவைக் குறைத்தால் எழுத்துகள் மங்கிவிடுகின்றன. என்ன செய்வது? — தொழில்முனைவர், ஈரோடு

பதில்: அளவைக் குறைக்கும் முன் சுருக்கத்தைப் பாருங்கள். 4096க்கு 4096 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தைச் சுருக்காமல் சேமித்தால், அது கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் 64 எம்பி பிடிக்கும். அப்படிப் பத்துப் படங்கள் என்றால் 640 எம்பி. அதையே டிஎக்ஸ்டி1 சுருக்கத்தில் சேமித்தால் ஒரு படம் 8 எம்பி. டிஎக்ஸ்டி5 சுருக்கத்தில் 16 எம்பி. ஒளி ஊடுருவும் தன்மையைச் சொல்லும் ஆல்ஃபா அடுக்கு தேவையில்லாத படங்களுக்கு டிஎக்ஸ்டி1 போதும். ஆல்ஃபாவில் படிப்படியான மாற்றம் வேண்டுமானால் டிஎக்ஸ்டி5.

சேமிக்கும்போது மிப்மேப் என்ற தேர்வை விட்டுவிடாதீர்கள். அது தூரத்தில் பார்ப்பதற்கென்று படத்தின் சிறிய பிரதிகளையும் சேர்த்து வைக்கிறது. அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், ஆனால் அது இல்லையென்றால் தூரத்து விமானத்தில் தகட்டுக் கோடுகள் மினுக்கிக்கொண்டே இருக்கும். இத்தனைக்குப் பிறகும் கணினி திணறினால், எழுத்துகள் இல்லாத பகுதிகளின் படங்களை மட்டும் 2048க்கு இறக்குங்கள். அவற்றின் நினைவகச் செலவு நான்கில் ஒன்றாகிவிடும். சக்கரக் கூட்டின் உட்புறத்துக்கு யாரும் 4096 கேட்பதில்லை.

கேள்வி: நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து பறக்கும்போது, என் பூச்சு எனக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியவில்லையாம். ஏன்? — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: படங்கள் உங்கள் கணினியில் மட்டும் இருக்கின்றன. அவர்களும் அதே ஃபோல்டரை அதே பெயரில் தங்கள் கணினியில் வைத்தால்தான் தெரியும். இல்லையென்றால் அவர்களுக்கு வழக்கமான பூச்சுதான் காட்டப்படும்.

கேள்வி: இன்னொருவர் செய்த பூச்சைத் தரவிறக்கி, அதில் எண்களையும் சின்னத்தையும் மட்டும் மாற்றி என் பெயரில் வெளியிடலாமா? — வாசகர், சேலம்

பதில்: அவரைக் கேட்காமல் வெளியிடக் கூடாது. உங்கள் கணினியில் உங்களுக்காக மாற்றிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வெளியிடும்போது, நீங்கள் மாற்றிய எண்ணுக்கு அடியில் இருக்கும் வெளுப்பும் கறையும் ஒட்டுத் திட்டுகளும் அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தவை என்பதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான பூச்சுகளோடு ஒரு சிறு உரைக்கோப்பு வரும். அதில் அனுமதி பற்றி எழுதியிருப்பார்கள். எழுதவில்லையென்றால் ஒரு மடல் போட்டுக் கேளுங்கள். நான் கேட்டவர்களில் அநேகமாக எல்லோரும் மகிழ்ச்சியோடு சம்மதித்ததுடன், அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்பையும் அனுப்பிவைத்தார்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், ஈகிள் டைனமிக்ஸ் தரும் வரைபடத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

கேள்வி: மண்டை ஓடும் குறுக்கு எலும்புகளும் போட்ட ஜாலி ரோஜர்ஸ் எஃப்-14 செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புகைப்படங்களில் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே, எதை நம்புவது? — ஓய்வு பெற்ற அரசு ஊழியர், புதுச்சேரி

பதில்: எல்லாப் படங்களையும் நம்பலாம், அவை வெவ்வேறு ஸ்குவாட்ரன்களுடையவை என்பதுதான் செய்தி. கறுப்பு வாலில் மண்டை ஓட்டைச் சுமந்து, ஜாலி ரோஜர்ஸ் என்ற பெயரில் எஃப்-14ஏ ஓட்டியது அமெரிக்கக் கடற்படையின் விஎஃப்-84 ஸ்குவாட்ரன். அந்த ஸ்குவாட்ரன் 1995இல் கலைக்கப்பட்டது. அப்போது எஃப்-14பி ஓட்டிக்கொண்டிருந்த விஎஃப்-103, தன் பழைய சின்னத்தை விட்டுவிட்டு, ஜாலி ரோஜர்ஸ் என்ற பெயரையும் மண்டை ஓட்டையும் ஏற்றுக்கொண்டது. டிசிஎஸ்ஸில் எஃப்-14ஏ, எஃப்-14பி இரண்டுமே இருப்பதால் நீங்கள் எந்தக் காலத்தைத் தேர்ந்தாலும் அதற்கேற்ற விமானம் கிடைக்கும். இரண்டுக்கும் எஞ்சின் வேறு என்பதால் பின்னால் புகைவாயிலின் வடிவமும் வேறு. படங்களை அடையாளம் காண அதுவும் உதவும்.

என் விருப்பத்தைக் கேட்டால், 1970களின் பிற்பகுதியில் இருந்த விஎஃப்-84ஐச் சொல்வேன். அப்போது மேற்புறம் பளபளப்பான 16440 சாம்பல். முன்னே சொன்ன முதல் இலக்கத்தைப் பாருங்கள், 1இல் தொடங்குகிறது. ஆகவே ரஃப்மெட் படத்தில் பச்சையை இறக்க வேண்டிய அரிய வாய்ப்பு இது. அந்தக் கறுப்பு வால் அந்தி வெயிலில் மின்னுவதைப் பார்ப்பதற்கு ஈடே இல்லை. 1980களில் மங்கலான சாம்பல்கள் வந்த பிறகு எடுத்த படங்களை அதோடு கலந்துவிடாதீர்கள். படம் எந்த ஸ்குவாட்ரனுடையது என்று தெரியவில்லையென்றால் வாலைப் பாருங்கள்: ஏஜே என்ற எழுத்துகளும் மூக்கில் 200 வரிசை எண்ணும் இருந்தால் அது விஎஃப்-84, ஏஏ என்று இருந்தால் விஎஃப்-103.